கேட்டு வாங்க முடியாத வெள்ளிப் பதக்கம்

பதக்கம், பரிசு என்று சொன்னதும் நமக்கு யாருடைய முகம் ஞாபகத்துக்கு வருகிறது? பிள்ளைகளின் முகம்தானே! ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பை, பேச்சுப் போட்டியில் கிடைத்த எவர்சில்வர் டம்ளர் என்று எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி மகிழ்கிறோம். பெற்ற மனசு, வேறெப்படி இருக்கும்?

ஆனால் அந்தப் பிள்ளையைச் சனிக்கிழமை தோறும் மைதானத்துக்கு வரவழைத்து, ஒரு பைசா வாங்காமல், வெயிலில் நின்று சொல்லிக் கொடுத்த பெரியவர் ஒருவர் இருப்பாரே, அவருக்கென்று ஏதாவது பதக்கம் உண்டா?

உண்டு, சகோதரிகளே. அழகழகான பதக்கங்கள் உண்டு. அவற்றைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார். அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் குடித்தனம். மகன் அங்கே சாரணர் இயக்கத்தின் குருளையர் பிரிவில் சேர்ந்தான். பிள்ளையைக் கொண்டுவிடப் போனவளை, "நீங்களும் கொஞ்சம் உதவி செய்யுங்களேன்" என்று பிடித்துப் போட்டு விட்டார்கள். இப்போது ஏழெட்டுச் சிறுவர்கள் அடங்கிய ஒரு சிறு குழுவுக்கு அவள்தான் தலைவி. சம்பளம் கிடையாது. யூனிஃபார்ம் கூடச் சொந்தச் செலவு.

ஒருநாள் போனில் பேசும்போது சொன்னாள்: "அண்ணி, நேத்து எங்க விருந்துல ஒரு அம்மாவுக்குக் கழுத்துல பதக்கம் போட்டாங்க. எழுபது வயசு இருக்கும். அவங்க வளர்த்த பசங்களோட பசங்க இப்ப எங்க குழுவில இருக்காங்க. மேடைக்குக் கூப்பிடற வரைக்கும் அவங்களுக்கே தெரியாது. அழுதுட்டாங்க அண்ணி, நாங்களும் அழுதுட்டோம்."

"தங்கமா?" என்று கேட்டேன். நம் புத்தி நம்மை விட்டு எங்கே போகும்!

"இல்ல அண்ணி, வெள்ளி பீவர்" என்றாள். அது என்ன பீவர் என்று விசாரிக்கத் தொடங்கியவள், படித்தும் கேட்டும் சேர்த்து வைத்த விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காட்டெருமையும் மானும்

பீவர் என்பது அமெரிக்க ஓடைகளில் வாழும் ஒரு பிராணி. பல்லாலேயே மரத்தைக் கடித்து வீழ்த்தி, கிளையும் சேறும் சுமந்து, ஓடைக்குக் குறுக்கே அணை கட்டிவிடும். ஆர்ப்பாட்டமில்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் ஏது? 1931ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கச் சாரணர் இயக்கம் 'வெள்ளி பீவர்' விருதை வழங்கி வருகிறது. நீலமும் வெள்ளையுமான நாடாவில் சின்ன வெள்ளி பீவர் தொங்கும். ஒரு வட்டாரத்தில் பல காலம் பிள்ளைகளுக்காக உழைத்த தன்னார்வலர்களுக்கு இது. அதற்கு மேல், பல மாநிலங்கள் அடங்கிய பகுதி அளவில் சேவை செய்தவர்களுக்கு 1942இல் ஏற்பட்ட 'வெள்ளி ஆண்டிலோப்', அதாவது ஒரு வகை மான். எல்லாவற்றுக்கும் மேலே, தேச அளவில் இளைஞர்களுக்குத் தொண்டு செய்தவர்களுக்கு 'வெள்ளி பஃபலோ', அந்த நாட்டுக் காட்டெருமை.

காட்டெருமை விருது முதன்முதலில் 1926இல் வழங்கப்பட்டது. பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். மிக்கி மவுஸைக் கொடுத்த வால்ட் டிஸ்னி 1946இல் வாங்கினார். சந்திரனில் முதலில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் 1971இல் வாங்கினார். சிறுவனாக இருந்தபோது அவரும் சாரணர்தான். சாரணர் காலண்டர்களுக்கு ஆண்டுக்கணக்கில் படம் வரைந்த ஓவியர் நார்மன் ராக்வெல் 1939இல் வாங்கினார்.

ஆனால் எனக்குப் பிடித்தது இந்தப் பெரிய பெயர்கள் இல்லை. முதல் வருஷத்தில் முதல் விருது, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பிரபுவுக்கு. சரி. இரண்டாவது யாருக்குத் தெரியுமா? பெயரே தெரியாத ஒரு பையனுக்கு!

1909இல் வில்லியம் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை அதிபர் லண்டனுக்குப் போயிருந்தார். தெருவில் வழி தெரியாமல் நின்றவருக்கு ஒரு பையன் வழி காட்டினான். அவர் காசு கொடுக்க, அவன் வாங்க மறுத்து, தான் ஒரு சாரணன் என்றும், உதவி செய்வது தன் கடமை என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு லண்டனில் மூடுபனி இருந்ததா, இல்லையா என்று ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். பாய்ஸ் ஊர் திரும்பி 1910 பிப்ரவரி 8ஆம் தேதி அமெரிக்காவில் சாரணர் இயக்கத்தைப் பதிவு செய்தார் என்பது சரித்திரம். அந்தப் பையன் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. அதனால் அவன் நினைவாக இங்கிலாந்தில் கில்வெல் பார்க் என்ற சாரணர் பயிற்சி மைதானத்தில் ஒரு வெண்கலக் காட்டெருமைச் சிலையை வைத்தார்கள். இன்றும் அது அங்கே இருக்கிறது. பெரியவர்களுக்கு மரியாதை செய்ய ஏற்பட்ட விருது, ஒரு சின்னப் பையனின் நல்ல குணத்துக்குத் தலை வணங்கிவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறது!

விண்ணப்பம் போட முடியாது

இந்த விருதுகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். எனக்குக் கொடுங்கள் என்று யாரும் மனுப் போட முடியாது. கூடப் பணி செய்தவர்களோ, பெற்றோரோ, அவர் செய்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த விஷயம் அவர் காதுக்குப் போகக் கூடாது. கிடைக்காமல் போனால் மனசு கஷ்டப்படக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். சம்பளம் வாங்கிச் செய்கிற வேலைக்காக வெள்ளி பீவர் கொடுப்பதில்லை. ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு இத்தனை பேருக்குத்தான் என்று கணக்கும் உண்டு. பணக்காரர், செல்வாக்குள்ளவர் என்பதற்காகக் கொடுப்பதாக ஏற்பட்டதல்ல. பிள்ளைகளுக்கு என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது, யோசித்தீர்களா? கேட்டு வாங்க முடியாது என்றால், பார்த்தவர் வாயைத் திறந்தால்தான் உண்டு. பார்த்தவர் சும்மா இருந்துவிட்டால், முப்பது வருஷம் உழைத்தவரும் ஒரு நன்றி கூட இல்லாமல் வீட்டுக்குப் போய்விடுவார். அப்படி வாய் திறக்காமல் விடப்பட்டவர்களில் பெரும்பாலோர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம்மைப் போன்ற பெண்கள்தான்.

மான்குட்டியின் கதை

அமெரிக்காவில் குருளையர் பிரிவு 1930இல் தொடங்கியது. எட்டு, ஒன்பது வயதுப் பொடியன்களை யார் மேய்ப்பது? அம்மாக்கள்தான். வீட்டுக் கூடத்திலேயே ஏழெட்டுப் பையன்களை உட்கார வைத்து, காகிதம் வெட்டச் சொல்லி, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவார்கள். 'குழுத் தாய்' என்ற அர்த்தத்தில் அவர்களுக்குப் பதவிப் பெயரே இருந்தது. பையன்களுக்குள் 1953இல் தொடங்கிய ஒரு பந்தயம் இன்றும் பிரசித்தம். ஒரு பைன் மரக்கட்டை, நாலு பிளாஸ்டிக் சக்கரம், நாலு ஆணி. இதில் பிள்ளை வீட்டில் ஒரு கார் செய்து, சரிவுப் பலகையில் ஓட விட வேண்டும். எடை 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராமுக்கு மேல் போகக் கூடாது. தோற்ற பையனின் கண்ணைத் துடைத்து, "அடுத்த வருஷம் பார்க்கலாம்டா ராஜா" என்று தேற்றுகிற வேலையும் பெரும்பாலும் அந்தத் தாய்மார்களுக்கே வந்து சேர்ந்திருக்கும்.

இப்படி நாற்பது வருஷம் ஓடியது. பீவர் ஆண்களுக்கு மட்டும்! 1971இல்தான் பெண்களுக்கென்று தனியாக 'வெள்ளி மான்குட்டி' என்ற விருதை ஏற்படுத்தினார்கள். ஆண் செய்தால் அணை கட்டும் பீவர், அதே சேவையைப் பெண் செய்தால் மான்குட்டி! இதென்ன நியாயம் என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். மூன்றே வருஷத்தில், 1974இல், மான்குட்டியை நிறுத்திவிட்டு, பெண்களுக்கும் பீவரையே கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் பெரிய பையன்களின் குழுவுக்குப் பெண் தலைமை தாங்கலாம் என்ற அனுமதி 1988இல்தான் வந்தது. பெண் பிள்ளைகளைக் குருளையர் பிரிவில் சேர்த்துக்கொண்டது 2018இல். 2025 பிப்ரவரியில் இயக்கத்தின் பெயரிலிருந்தே 'பையன்' என்ற வார்த்தை போய், 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று ஆகிவிட்டது.

என் நாத்தனார் பார்த்து அழுதாளே, அந்த எழுபது வயது அம்மாள் போன்றவர்களின் கழுத்தில் பீவர் ஏறுவதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

நம் நாட்டு வெள்ளி யானை

இது ஏதோ அமெரிக்காக்காரர்கள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டிலும் சாரணர் இயக்கத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அன்னிபெசன்ட் அம்மையார் சென்னையிலிருந்துகொண்டு இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒரு சாரணர் சங்கத்தை வளர்த்தவர். பேடன் பவல் 1921இல் இந்தியா வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு, தனித்தனியாக இருந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7ஆம் தேதி ஒன்றாகி, பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயிற்று. அடுத்த ஆண்டு சாரணியரும் வந்து சேர்ந்தார்கள்.

நம் இயக்கத்திலும் பெரியவர்களுக்கு விருதுகள் உண்டு. 'மெடல் ஆஃப் மெரிட்', 'வெள்ளி நட்சத்திரம்' என்று ஏறி, உச்சியில் இருப்பது 'வெள்ளி யானை'. பார்த்தீர்களா, அவர்களுக்குக் காட்டெருமை, நமக்கு யானை! இங்கிலாந்தில் வெள்ளி ஓநாய். ஜப்பானில் ஃபெஸன்ட் என்ற அழகான பறவை. உலகம் முழுவதற்கும் பொதுவாக 'வெண்கல ஓநாய்' என்ற ஒன்று 1935இலிருந்து இருக்கிறது. அதையும் முதலில் பெற்றவர் பேடன் பவல்தான்.

அந்த வெண்கல ஓநாயை 1969இல் பெற்ற நம் நாட்டுப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். லட்சுமி மஜூம்தார். 1964 முதல் 1983 வரை நம் இயக்கத்தின் தேசிய ஆணையராக இருந்தவர். அமெரிக்காவில் பெண்களுக்கு மான்குட்டி கொடுக்கலாமா என்று கூடத் தீர்மானிக்காத காலத்தில், இங்கே பையன்களும் பெண்களும் சேர்ந்த ஓர் இயக்கத்தையே ஒரு பெண் தலைமை ஏற்று நடத்தினார். நினைத்தால் பெருமையாக இல்லை?

2025 ஜனவரிக் கடைசியில் நம் மணப்பாறையில் வைர விழா ஜாம்பூரி நடந்ததே, நினைவிருக்கிறதா? நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரு வாரம் கூடாரத்தில் தங்கினார்கள். பத்திரிகையில் பிள்ளைகளின் அணிவகுப்புப் படத்தைப் பார்த்தோம். ராத்திரி எழுந்து, எந்தக் குழந்தைக்கு ஜுரம், எந்தக் குழந்தை வீட்டு ஞாபகத்தில் விசும்புகிறது என்று கூடாரம் கூடாரமாகப் பார்த்த ஆசிரியர்கள் அந்தப் படத்தில் இருக்க மாட்டார்கள்.

முடிச்சு சொல்லிக் கொடுத்த டீச்சர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், சாரணியர் படைக்குத் தலைவி. பிள்ளைகள் 'கேப்டன் மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி விட்டதும் அவரவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, அவர் வேப்ப மரத்தடியில் கயிற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் மகளும் அதில் சேர்ந்தாள். "கணக்குப் பரீட்சையில இந்த முடிச்செல்லாம் வருமா?" என்று என்னவர் கூடக் கேலி செய்தார்.

ஒரு மார்கழிக் காலையில் எதிர்வீட்டுப் பாட்டி வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். கையைத் தூக்க முடியவில்லை. நாங்கள் நாலு பேர் சுற்றி நின்று, "ஐயோ, எண்ணெய் தேச்சு நீவி விடலாமா? கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாமா?" என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். பதின்மூன்று வயதுப் பெண் உள்ளே ஓடிப் போய் என் பழைய பருத்தித் துப்பட்டாவை எடுத்து வந்தாள். "யாரும் இழுக்காதீங்கம்மா, நீவவும் கூடாது. கேப்டன் மிஸ் சொல்லியிருக்காங்க" என்றாள். துணியை முக்கோணமாக மடித்து, பாட்டியின் கையை அசைக்காமல் தாங்கி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோது முன்கை எலும்பு முறிவு. "யார் இந்தக் கட்டுப் போட்டது? நல்ல வேளை, யாரும் கையை இழுக்கலை" என்று டாக்டர் சொன்னார். பாட்டி இன்றும் அந்தக் கையால்தான் எங்களுக்கு முறுக்குச் சுற்றிக் கொடுக்கிறார்.

அந்த வருஷமே நானும் இன்னும் மூன்று தாய்மார்களும் சேர்ந்து, இந்த விஷயத்தைத் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியையிடம் கொடுத்தோம். கேப்டன் மிஸ்ஸுக்கு யானையும் வரவில்லை, நட்சத்திரமும் வரவில்லை. ஆனால் ஆண்டு விழாவில் தலைமையாசிரியை அந்தக் கடிதத்தை முழுக்கப் படித்தார். மறுநாள் கேப்டன் மிஸ் என்னிடம், "பத்தொன்பது வருஷத்துல ஒரு அம்மா எழுதிக் கொடுத்து இப்பத்தாங்க பார்க்கிறேன்" என்றார். கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பதக்கம் இருந்தாலும் கண் வேண்டும்

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. நாமெல்லாம் பிள்ளை பெற்றவர்கள்.

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 2020 பிப்ரவரியில் திவால் மனுக் கொடுத்தது. காரணம், சிறுவர்களாக இருந்தபோது சில பெரியவர்கள் தங்களிடம் முறைகேடாக நடந்துகொண்டார்கள் என்று 82,000க்கு மேற்பட்டவர்கள் நஷ்ட ஈடு கேட்டு வந்தார்கள். அவர்களுக்காகச் சுமார் 240 கோடி டாலர் நிதி ஏற்பாடாயிற்று. படித்தபோது வயிறு கலங்கிவிட்டது. யூனிஃபார்மும் சிரித்த முகமும் மட்டும் ஒருவர் நல்லவர் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

அங்கே இன்றுள்ள விதிகளை நாம் எந்த வகுப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். சாரணர் கூட்டமானாலும் சரி, பாட்டு, நீச்சல், டியூஷன் எதுவானாலும் சரி.

ஒன்று: பிள்ளைகள் இருக்கும் இடத்தில் எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும்.

இரண்டு: ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மற்றவர் கண்ணுக்கு மறைவாகத் தனித்திருக்கக் கூடாது. போன் செய்தி கூடத் தனியாக வேண்டாம்.

மூன்று: பெற்றோர் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம். "நீங்க வராதீங்க, பசங்க கவனம் சிதறும்" என்று யாராவது கண்டிப்பாகத் தடுத்தால் அங்கே பிள்ளையை விடாதீர்கள்.

நான்கு: 'அம்மாவிடம் சொல்லாதே' என்ற ரகசியம் எதுவும் இருக்கக் கூடாது. இதைப் பிள்ளையிடமே தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும்.

நல்ல மனசோடு சேவை செய்கிறவர்கள் இந்த விதிகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் கேப்டன் மிஸ்ஸே, "வாரத்துக்கு ஒரு அம்மாவாவது வந்து உட்காருங்க" என்று கூப்பிடுவார். நாம் போய் உட்கார்ந்தால் பிள்ளைக்கும் பாதுகாப்பு. அவர் படும் பாடும் நம் கண்ணில் படும்.

எப்படி எழுதுவது?

பார்த்ததை எழுத வேண்டியதும் நாம்தானே? "மிகவும் நல்லவர், பண்பானவர்" என்று பொதுவாக எழுதினால் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. எத்தனை வருஷமாகச் செய்கிறார், வாரத்துக்கு எத்தனை நாள், ஏறக்குறைய எத்தனை பிள்ளைகள் அவரிடம் கற்றார்கள், அதில் உங்கள் பிள்ளையிடம் கண்ட மாற்றம் ஒன்று, நீங்கள் நேரில் பார்த்த சம்பவம் ஒன்று. இவ்வளவு போதும், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். சாரணர், சாரணியர் தலைவர்களுக்கு விருதுச் சிபாரிசு மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம் வழியாகத்தான் போகும். உங்கள் கடிதத்தைப் பள்ளித் தலைமையாசிரியர் மூலமாக மாவட்டச் சங்கத்துக்கு அனுப்பலாம். நாலு தாய்மார்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் பலம்.

சாரணர் என்றில்லை. நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை கதை சொல்லும் ரிட்டயர்டு பெரியவர், ஏரிக்கரையில் பையன்களுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கும் தம்பி, ஏழைப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பாடம் சொல்லும் அக்கா என்று உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு வெள்ளி யானை கிடைக்க வழியில்லாமல் இருக்கலாம். அவரைப் பற்றிப் பஞ்சாயத்துத் தலைவருக்கோ, நூலகருக்கோ ஒரு கடிதம் எழுதலாம். அதன் நகலை அவர் கையிலும் கொடுக்கலாம்.

இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்து, மத்தியான வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு, பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு உட்காருங்கள். பெயர், வருஷம், பார்த்த சம்பவம். அரை மணி நேரம்தான் ஆகும்.